‘ஹோம்’ என்பது எங்கே?

இங்கிலீஷ் பாஷையைக் கற்கப் புகுந்த தமிழ்ச் சிறுவர்களில் இந்தத் தவற்றைச் செய்யாதவர் வெகு சிலரே இருப்பர். ‘நான் வீட்டுக்குப் போனேன்’ என்பதை மொழிபெயர்க்கும்படி உபாத்தியாயர் சொல்லுகிறார். சிறுவன் ‘ஐ வென்ட் டு ஹோம்’ என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுகிறான். உபாத்தியாயர் சிவப்பு மையினால் ‘டு’ என்னும் சொல்லை அடித்துவிடுகிறார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ‘டு’ வேண்டும். கடைக்குப் போகும்போதும் வேண்டும். வீட்டுக்குப் போகும்போது மட்டும் அது ஏன் கூடாது என்று பையன் கேட்டால், ‘அது அப்படித்தான்’ என்ற விடையே கிடைக்கிறது. நமக்கும் இளமையில் அந்த விடையே கிடைத்தது. பிற்காலத்தில் சட்டம் பயின்று, சொற்களுக்குப் பொருள் காண்பதையே தொழிலாகக் கொண்ட பின்னர்தான், அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சரித்திரம் மறைந்து கிடக்கிறதென்பது நமக்குப் புலப்பட்டது.

‘ஹோம்’ என்னும் இச்சிறு சொல்லைப் பற்றி இன்று சிறிது விரிவாக எழுத எண்ணுகிறோம். இது வெறும் இலக்கண விசாரணையன்று. இச்சொல் எந்த இடத்தைக் குறிக்கிறது என்னும் கேள்வியிலே ஒரு தேசத்தின் பணமும், பல லட்சம் ஜனங்களின் வாழ்வும் அடங்கியிருந்தன, இன்னும் அடங்கியிருக்கின்றன. ஆகையால் அரசியலில் ஈடுபட்ட நமது வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் முதலில் இலக்கணத்தைக் கேட்பார்களாக.

இலக்கண விதி

இங்கிலீஷில் இடத்தைக் குறிக்கும் வினையடைகள் சில உண்டு. இங்கே என்னும் பொருளுள்ள ‘ஹியர்’, அங்கே என்னும் பொருளுள்ள ‘தேர்’, வெளிநாட்டில் என்னும் பொருளுள்ள ‘அப்ராட்’, மாடியில் என்னும் பொருளுள்ள ‘அப்ஸ்டேர்ஸ்’ ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. போதல், வருதல் முதலிய வினைகளோடு இவை சேரும்போது ‘டு’ என்னும் முன்னிடைச் சொல் வேண்டியதில்லை. ‘ஹோம்’ என்பதும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆனால் மற்றவைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இது பெயர்ச்சொல்லாகவும் வழங்கும். வீட்டில் இருப்பதைக் கூறும்போது ‘அட் ஹோம்’ என்றும், வீட்டிலிருந்து புறப்படுவதைக் கூறும்போது ‘ஃப்ரம் ஹோம்’ என்றும் சொல்லுகிறோம். அங்கெல்லாம் இது பெயரே. மேலும், யாருடைய வீடு என்று ஓர் அடைமொழி சேர்த்துவிட்டால், விலக்கப்பட்ட ‘டு’ உடனே திரும்பி வந்துவிடும். ‘ஐ வென்ட் ஹோம்’ என்பது சரி. என் மாமனுடைய வீட்டுக்குப் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஐ வென்ட் டு மை அங்கிள்ஸ் ஹோம்’ என்றே சொல்லவேண்டும்.

இந்தக் கடைசி விதியை வாசகர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யாருடையது என்று சொல்லாமல் விடும்போதுதான் இச்சொல் வினையடையாகிறது. சொல்லுகிறவனும் கேட்கிறவனும், அது யாருடைய வீடு என்பதைச் சொல்லாமலே அறிந்திருக்கிறார்கள் என்னும் எண்ணமே இப்பிரயோகத்துக்கு ஆதாரம். நாம் பின்னால் கூறப்போகும் விஷயங்களுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

பாஷை நூலார் இவ்வழக்குக்குக் காரணம் கூறுகிறார்கள். பழைய இங்கிலீஷில் இச்சொல் ‘ஹாம்’ என்றிருந்தது. அக்காலத்தில் அப்பாஷையில் வேற்றுமைகள் வழங்கின. செல்லும் இடத்தைக் குறிப்பதற்கு, செயப்படுபொருள் வேற்றுமையில் அச்சொல்லை நிறுத்தினால் போதுமானதாயிருந்தது. காலப்போக்கில் வேற்றுமைகள் மறைந்தன; முன்னிடைச் சொற்கள் அவற்றின் ஸ்தானத்தைப் பிடித்தன. ஆயினும் அன்றாடம் வாயில் வழங்கிய இந்த ஒரு சொல்லை மட்டும் புதிய வழக்கம் வெல்ல முடியவில்லை. லத்தீன் பாஷையிலும் ஊர்ப்பெயர்களுக்கும் வீடு என்னும் பொருளுள்ள சொல்லுக்கும் இதே சலுகை இருந்தது.

இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. நம் தமிழிலேயே இவ்வழக்கு உண்டு. ‘வீட்டுக்குப் போனான்’ என்று உருபு சேர்த்துச் சொல்லுகிறோம். ஆனால் ‘வீடு திரும்பினான்’, ‘ஊர் போய்ச் சேர்ந்தான்’, ‘கரை சேர்ந்தது கப்பல்’, ‘மதுரை சென்றான்’ என்று உருபு தொக்கு நிற்கவும் சொல்லுகிறோம் அல்லவா? ‘வீடு திரும்பினான்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபு எவ்வாறு மறைந்து நிற்கிறதோ, அவ்வாறே ‘வென்ட் ஹோம்’ என்பதில் ‘டு’ என்பதன் பொருள் மறைந்து நிற்கிறது. உபாத்தியாயர்கள் இந்த ஓர் உதாரணத்தைச் சொல்லிக் கொடுப்பார்களானால், எந்தத் தமிழ்ச் சிறுவனும் இத்தவற்றை இரண்டாம் முறை செய்யமாட்டான்.

பிரயோகம் ஒருபோதும் நின்றுவிடுவதில்லை என்பதற்கும் இச்சொல்லே சாட்சி. வீட்டிலேயே இருங்கள் என்பதற்கு ‘ஸ்டே ஹோம்’ என்பது அமெரிக்க வழக்கென்றும், ‘ஸ்டே அட் ஹோம்’ என்பதே பிரிட்டிஷ் வழக்கென்றும் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2020-ஆம் வருஷத்தில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, பிரிட்டிஷ் சர்க்காரே தங்கள் ஜனங்களுக்கு விடுத்த எச்சரிக்கையில் ‘ஸ்டே ஹோம்’ என்றே அச்சிட்டார்கள். ஆகையால் இப்பிரயோகத்தை இனிப் பிழையென்று அடிப்பதற்கு எந்த உபாத்தியாயருக்கும் நியாயமில்லை.

சொல்லின் உட்பொருள்

‘ஹவுஸ்’ என்பது வேறு, ‘ஹோம்’ என்பது வேறு. முன்னது சுவரும் கூரையுமுள்ள கட்டடம். பின்னது ஒருவன் தனக்குரியதென்று கொள்ளும் இடம். பழைய ‘ஹாம்’ என்பது ஒரு கட்டடத்தை மட்டுமின்றி, குடியிருப்பையும் கிராமத்தையும் குறித்து வந்தது. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பது அந்தச் சொல்லே. ஆகவே இதற்குச் சரியான தமிழ் வேண்டுமானால் வீடு என்பதைவிட ஊர் என்பது சில இடங்களில் மிகப் பொருத்தமாயிருக்கும். சென்னைப் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர், பொங்கலுக்கு முதல் நாள், ‘ஊருக்குப் போகிறேன்’ என்று சொல்லுகிறார். எந்த ஊர் என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இருபது வருஷம் பட்டணத்தில் குடியிருந்தும், பட்டணம் அவருக்கு ஊர் ஆகவில்லை. இங்கிலீஷ்காரன் ‘ஐ ஆம் கோயிங் ஹோம்’ என்று சொல்லும்போது அவன் மனத்தில் உள்ளதும் பெரும்பாலும் இதுவே.

இச்சொல்லுக்கு இன்னொரு பிரயோகமும் உண்டு. ஆணியை அதன் தலை மரத்தில் பதியும் வரையில் அடிப்பதை ‘டிரைவ் ஹோம்’ என்பார்கள். குத்து சரியான இடத்தில் படுவதை ‘ஸ்ட்ரைக் ஹோம்’ என்பார்கள். நாம் பசுமரத்தாணிபோலப் பதிந்தது என்று சொல்லுகிற இடத்தில், அவர்கள் அந்தக் கருத்து ‘ஹோம்’ சென்றது என்கிறார்கள். நியாயஸ்தலங்களிலோ, ஒரு குற்றத்தை இன்னார்தாம் செய்தார் என்று சந்தேகத்துக்கிடமின்றி ஸ்தாபிப்பதை, அக்குற்றத்தை அவருக்கு ‘ஹோம்’ கொண்டுவந்து சேர்ப்பதென்று வக்கீல்கள் கூறுவார்கள். இங்கெல்லாம் வீடுமில்லை, ஊருமில்லை. ஒரு பொருள் எங்கே போய்ச் சேரவேண்டுமோ, எது அதற்கு உரிய இடமோ, அதுவே இங்கு ‘ஹோம்’.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. இங்கே, அங்கே என்னும் சொற்கள் விரலால் சுட்டும் சொற்கள். சொல்லுகிறவன் நிற்கும் இடம் தெரிந்தால் அவற்றின் பொருள் தெரிந்துவிடும். ‘ஹோம்’ என்பதோ பாத்தியதையால் சுட்டும் சொல். சொல்லுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதைக்கொண்டு இதன் பொருளை அறிய முடியாது. எந்த இடத்தைத் தனக்குரியதென்று கொண்டிருக்கிறான் என்பதைக்கொண்டே அறியவேண்டும். ஒருவன் மற்றொருவனைப் பார்த்து இச்சொல்லைப் பிரயோகித்தால், எந்த இடம் உனக்குரியது என்பதையும் அவன் தீர்ப்புச் செய்துவிடுகிறான். இங்கேதான் இலக்கணம் முடிந்து அரசியல் தொடங்குகிறது.

சென்னையில் ‘ஹோம்’

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் ‘ஹோம்’ என்று சொன்னால் அது எப்போதும் இங்கிலாந்தையே குறித்தது. ஜூலியா மெய்ட்லாண்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி, சென்னை ஸிவில் உத்தியோகஸ்தர் ஒருவரின் மனைவி, 1830-களின் பிற்பகுதியில் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1843-இல் புத்தகமாக வெளிவந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, இனித் திரும்பிப் போகும் எண்ணமே இல்லாதவர்கள்கூட இந்தியாவை ‘ஹோம்’ என்று அழைப்பதில்லை என்பதை அவ்வம்மையார் கண்டெழுதியிருக்கிறார். 1886-இல் யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் அகராதி, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் தனி வழக்குச் சொற்களை விளக்குவது. அதிலும் இச்சொல் இடம் பெற்றது. அதற்கு இங்கிலாந்து என்றே பொருள் கூறப்பட்டது.

இதில் குற்றம் என்ன? பிழைக்க வந்தவன் பிறந்த ஊரை நினைப்பது இயல்புதானே? தனி மனிதர்கள் அப்படிச் சொல்லியதை நாம் குறை கூறவில்லை. நம் தமிழரும் கடல் கடந்து சென்ற இடங்களிலெல்லாம் ஊரை நினைத்தே வாழ்ந்தார்கள். ஆனால் ஒரு தேசத்தை ஆளும் சர்க்கார் அந்தச் சொல்லைத் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதும்போது காரியம் வேறாகிவிடுகிறது.

1843-இல் இந்திய சர்க்காரின் காரியாலயத்தைப் பிரித்து அமைத்தபோது ‘ஹோம்’ இலாகா என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது இந்தியாவின் உள்நாட்டு நிர்வாகத்தைக் கவனிப்பது. இங்கே ‘ஹோம்’ என்றால் இந்தியா. ஆனால் அதே சர்க்காரின் வரவு செலவுக் கணக்கில் ‘ஹோம் சார்ஜஸ்’ என்றொரு தலைப்பு இருந்தது. இங்கே ‘ஹோம்’ என்றால் இங்கிலாந்து. போலீஸுக்கும் சிறைச்சாலைக்கும் உரிய ‘ஹோம்’ இந்த நாடாயிருந்தது. பணம் போய்ச் சேரும் ‘ஹோம்’ அந்த நாடாயிருந்தது! ஒரே சர்க்கார் ஒரே சொல்லை இரண்டு நேர்மாறான இடங்களுக்கு வழங்கிய இந்த விசித்திரத்தைக் காட்டிலும், அந்நிய ஆட்சியின் தன்மையை விளக்குவதற்கு நீண்ட பிரசங்கம் எதற்கு?

அந்தச் செலவு

‘ஹோம் சார்ஜஸ்’ என்பது இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து ஆண்டுதோறும் இங்கிலாந்தில் செலவிடப்பட்ட தொகை. இந்தியாவின் பேரால் லண்டனில் வாங்கப்பட்ட கடன்களுக்கு வட்டி; ரயில்வேக் கம்பெனிகளுக்கு உறுதி சொல்லிக் கொடுத்த வட்டி; ஓய்வு பெற்றுச் சென்ற உத்தியோகஸ்தருக்கும் ராணுவத்தினருக்கும் பென்ஷன்; லீவில் சென்றவர்களுக்குச் சம்பளம்; சர்க்காருக்காக அங்கே வாங்கிய சாமான்களின் விலை; இந்தியா மந்திரியின் காரியாலயச் செலவு—இவை யாவும் அதில் அடங்கும். 1857-ஆம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கடனிலேயே சேர்க்கப்பட்டது. நம்மை அடக்கியதற்கு நாமே கூலி கொடுத்தோம்! இந்தியா மந்திரியின் சம்பளங்கூட, 1919-ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில், நம் பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டு வந்தது.

அந்தப் பணம் கடல் கடந்து சென்ற விதமும் அறியத்தக்கது. மூட்டை மூட்டையாக ரூபாயைக் கப்பலேற்றவில்லை. நம் பருத்தியையும் சணலையும் அரிசியையும் வாங்கும் வியாபாரிகள் இங்கே ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. இந்தியா மந்திரி லண்டனில் ‘கௌன்ஸில் பில்’ என்னும் உண்டியல்களை விற்றார். வியாபாரிகள் பவுன் கொடுத்து அவற்றை வாங்கினர். அவ்வுண்டியல்கள் கல்கத்தா, பம்பாய், சென்னைக் கஜானாக்களில் காட்டப்பட்டபோது, வரிப்பணத்திலிருந்து ரூபாய் எடுத்துக் கொடுக்கப்பட்டது. தஞ்சாவூர் மிராசுதார் கட்டிய கிஸ்திப் பணமும் அந்தக் கஜானாவில் சேர்ந்த பணந்தானே? இங்கே சரக்கு போயிற்று. அதற்கு விலையாக வரவேண்டிய பவுன் அங்கேயே தங்கிற்று. சரக்கு விளைவித்தவனுக்கு அவனும் அவன் அண்டை வீட்டானும் கட்டிய வரியே விலையாகத் திரும்பி வந்தது.

வெள்ளியின் விலை வீழ்ந்தபோது இந்தப் பாரம் இன்னும் ஏறிற்று. 1873-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்றுவந்த ரூபாய், 1894-ஆம் ஆண்டளவில் 1 ஷில்லிங் 1 பென்னியளவுக்கு இறங்கிவிட்டது. கொடுக்கவேண்டிய பவுன் குறையவில்லை. அதைக் கொடுப்பதற்கு வேண்டிய ரூபாயோ ஏறக்குறைய இரட்டித்தது. 1901-ஆம் ஆண்டளவில் இச்செலவு வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுன். பவுனுக்கு 15 ரூபாய் என்ற அக்காலத்துக் கணக்கின்படி அது 25 கோடி ரூபாய்க்கு மேலாகும்.

தாதாபாய் நௌரோஜி 1867 முதலே இந்தச் செல்வ வடிகாலைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். 1892-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அங்கத்தினராகி அங்கேயும் முழங்கினார். 1901-இல் தம் எழுத்துக்களைத் தொகுத்து, இந்தியாவின் வறுமையைப் பற்றிய பெரும் நூலாக வெளியிட்டார். ரயில்வேக்கும் உத்தியோகஸ்தருக்கும் செலவிட்டதெல்லாம் இந்தியாவுக்குக் கிடைத்த ஊழியத்துக்கு விலையே என்று மறுத்தவர்களும் உண்டு. ரயில்வே இங்கேதான் ஓடியது என்பது உண்மையே. ஆனால் எந்த ஊழியம் வேண்டும், அதற்கு என்ன விலை என்று தீர்மானிப்பதில், விலை கொடுத்தவனுக்குக் குரல் இல்லை என்பதை அவர்களால் மறுக்க முடியவில்லை. வாங்குகிறவனைக் கேளாமல் செய்துகொள்ளும் வியாபாரத்தை எந்த நியாயஸ்தலம் ஒப்பந்தமென்று ஏற்கும்?

சொல்லை மீட்டவர்கள்

இந்நிலையில் அச்சொல்லையே ஆயுதமாக எடுத்தவர்கள் முதலில் ஐரிஷ்காரர்கள். ஐஸக் பட் என்னும் வக்கீல் 1870-இல் டப்ளின் நகரில் ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார்; 1873-இல் அதன் ஸ்தானத்தில் ‘ஹோம் ரூல்’ சங்கம் தோன்றியது. 1886-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மசோதா காமன்ஸ் சபையில் தோற்றது. 1893-இல் கொண்டுவந்த மசோதா காமன்ஸ் சபையில் வென்று பிரபுக்கள் சபையில் தோற்றது. 1914-இல் நிறைவேறிய சட்டமோ உலக யுத்தத்தின் காரணமாக நிறுத்திவைக்கப்பட்டது. ‘ஹோம் ரூல்’ என்பதில் அச்சொல் வினையடையன்று, பெயருக்கு அடைமொழி என்பது உண்மை. ஆனால் அதன் உட்பொருள் மாறவில்லை. எங்கள் ‘ஹோம்’ லண்டனில் இல்லை, இங்கே இருக்கிறது என்பதே ஐரிஷ்காரர் சொன்னதன் சாரம்.

நம் நாட்டில் காந்தியடிகள் 1909-இல் குஜராத்தியில் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ என்னும் நூல், மறு வருஷம் இங்கிலீஷில் ‘இந்தியன் ஹோம் ரூல்’ என்ற பெயருடன் வெளிவந்தது. 1916 ஏப்ரலில் திலகரும், அதே வருஷம் செப்டம்பரில் சென்னையில் அன்னி பெஸண்டு அம்மையாரும் தனித்தனியே ‘ஹோம் ரூல்’ சங்கங்களை ஆரம்பித்தார்கள். 1917 ஜூனில் அம்மையாரைச் சென்னை சர்க்கார் காவலில் வைத்தனர். ஹைக்கோர்ட் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர், முதிர்ந்த வயதில் அவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கி, அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்குக் கடிதம் எழுதினார். அதன்பேரில் கண்டனம் எழுந்தபோது, சர்க்கார் அளித்த பட்டத்தையே துறந்தார். ஆளுவோர் தங்கள் தேசத்துக்கு வைத்திருந்த அன்புப் பெயரை ஆளப்படுவோர் தங்கள் தேசத்துக்கு வைத்துக்கொண்டதை அவர்களால் சகிக்க முடியவில்லை.

தமிழில் வீடு என்னும் சொல் ‘விடு’ என்னும் பகுதியிலிருந்து பிறந்தது. குடியிருக்கும் இல்லத்துக்கும் அதுவே பெயர். அறம், பொருள், இன்பத்துக்குப் பின் வைத்து எண்ணப்படும் விடுதலைப் பேற்றுக்கும் அதுவே பெயர். இங்கிலீஷ் சொல்லை வீடு என்று மொழிபெயர்த்தவன் அறியாமலே சரியான மொழிபெயர்ப்பைச் செய்துவிட்டான். 1946 செப்டம்பரில் இடைக்கால சர்க்காரில் வல்லபபாய் படேல் ‘ஹோம்’ இலாகாவை ஏற்றார். 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி தேசம் விடுதலை பெற்றது. அன்றுதான் சர்க்காரின் ‘ஹோம்’ ஜனங்களின் ‘ஹோம்’ ஆயிற்று.

‘வீடு திரும்பு’ என்னும் கட்டளை

கதை அத்துடன் முடிந்ததென்று எண்ணக்கூடாது. அடுத்த வருஷமே, 1948 ஜூனில், ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை இங்கிலாந்துக்கு ஏற்றி வந்தது. அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்தார்கள். அவர்களைப் போலப் பின்னரும் பல்லாயிரம் பேர் வந்து, யுத்தத்தால் நலிந்த அந்நாட்டில் ஆஸ்பத்திரிகளிலும் ரயில்களிலும் பஸ்களிலும் உழைத்தனர். 1973-க்கு முன் வந்து குடியேறியவர்கள் தங்கி வாழ உரிமையுள்ளவர்களென்று 1971-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குரிய பத்திரம் பலருக்குக் கொடுக்கப்படவில்லை.

2013-ஆம் வருஷம் கோடைகாலத்தில் பிரிட்டிஷ் உள்நாட்டு இலாகா லண்டனின் ஆறு பகுதிகளில் விளம்பர வண்டிகளை ஓட்டியது. சட்டவிரோதமாக இருப்பவர்கள் ‘கோ ஹோம்’, அதாவது வீடு திரும்பவேண்டும், இல்லையேல் கைது செய்யப்படுவார்கள் என்று அவற்றில் எழுதியிருந்தது. அந்த இலாகாவுக்கு 1782 முதல் வழங்கும் பெயரே ‘ஹோம் ஆபீஸ்’! சட்டவிரோதமாக இருப்பவர்களுக்குத்தானே சொன்னார்கள் என்று கேட்கலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் சுவர்களில் கறுப்பரையும் ஆசியரையும் இழித்து எழுதப்பட்ட வாசகம் அதுவே. அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவன், தெருவில் அந்த வண்டியைக் கண்டபோது, அது தன்னைச் சொல்லவில்லை என்று எவ்வாறு நிச்சயிப்பான்? பலமான கண்டனம் எழுந்து, அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

2018-இல் வேறோர் உண்மை வெளிவந்தது. சிறு வயதில் தாய் தந்தையருடன் வந்து, ஐம்பது வருஷம் வரி கட்டி வாழ்ந்தவர்களிடம் அதே இலாகா பத்திரம் கேட்டது. பத்திரம் இல்லாதவர்கள் வேலையிழந்தனர். வைத்திய உதவி மறுக்கப்பட்டனர். சிலர் காவலில் வைக்கப்பட்டனர். சிலர் நாடு கடத்தவும் பட்டனர். அவர்கள் வந்திறங்கிய காலத்துச் சீட்டுகளையோ அந்த இலாகாவே 2010-இல் அழித்துவிட்டிருந்தது. சர்க்கார் மன்னிப்புக் கேட்டனர். மந்திரி ராஜிநாமாச் செய்தார். யாருடைய வீடு என்று சொல்லாமலே விளங்கும் என்று எண்ணிப் பிரயோகித்த சொல் இவ்வாறு நிரபராதிகளின் தலைமேல் விழுந்தது.

இதை நாம் வேறெங்கோ நடந்த காரியமென்று வாசித்துவிட்டுப் போக முடியாது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களுக்கும் இதே கதி நேர்ந்தது. 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரண்டு தேசங்களும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இரண்டு சர்க்காரும் கையெழுத்திட்டனர். தோட்டத்துத் தொழிலாளியின் கையெழுத்து மட்டும் அதில் இல்லை.

அவ்வாறு வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. உருபு தொக்க அந்தப் பிரயோகத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். திரும்புவதென்றால் முன்பு புறப்பட்ட இடத்துக்கு மீண்டும் வருவது. அவர்களில் பலர் இந்த மண்ணைக் கண்ணால் கண்டதும் இல்லை. பாட்டன் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்றே அவர்களிடம் இருந்தது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய அவர்களை, அங்கிருந்தவர்கள் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தார்கள். அங்கே இந்தியர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே சிலோன்காரர் ஆனார்கள்.

கேட்கவேண்டிய கேள்வி

ஆகவே இச்சொல்லைப் பயிலும் மாணவர்களுக்கும், இச்சொல் வரும் செய்திகளையும் சட்டங்களையும் மொழிபெயர்க்கும் அன்பர்களுக்கும் நாம் கூறுவது இது. ‘ஹோம்’ என்று கண்டவுடன் வீடு என்று எழுதிவிட்டு மேலே செல்லலாகாது. ‘ஹோம்’ மந்திரி என்றால் உள்நாட்டு மந்திரி. பழைய கணக்கில் ‘ஹோம்’ செலவு என்றால் இங்கிலாந்துச் செலவு. ஒருவரைப் பார்த்துக் ‘கோ ஹோம்’ என்றால் அது அன்பான உபசாரமாகவும் இருக்கலாம், நாடு கடத்தும் உத்தரவாகவும் இருக்கலாம். சொல்லுகிறவர் யார், கேட்கிறவர் யார், அந்த இடம் யாருக்குரியதென்று தீர்மானித்தவர் யார் என்று விசாரித்த பின்னரே பேனாவை எடுக்கவேண்டும்.

அரசியலில் ஈடுபட்டவர்களுக்கும் இவ்விசாரணை வேண்டும். அந்நியர் இச்சொல்லை நம்மேல் பிரயோகித்தபோது நாம் வெகுண்டெழுந்தோம், அது நியாயம். இன்று நம் நகரங்களின் கட்டட வேலைகளுக்கும் ஆலைகளுக்கும் வட மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்திருக்கும் ஏழைகளைப் பார்த்து ‘உன் ஊருக்குப் போ’ என்று நம்மவரே சொல்லுகிறதைக் காதால் கேட்கிறோம். அவன் தன் ஊருக்குப் போவது அவன் விருப்பம். அவனை ஊருக்குப் போ என்று விரட்டுவதற்கு நமக்கு உரிமையில்லை. முன்னது அவன் சொல். பின்னது அவன்மேல் பிறர் கூறும் தீர்ப்பு. லண்டன் தெருவில் ஓடிய வண்டியிலும் இதே வாசகந்தான் எழுதியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ‘டு’ என்னும் சொல்லை அடித்தது சரியே. ஆனால் அடித்ததோடு நில்லாமல், இன்னும் ஒரு வார்த்தை அவர் சொல்லலாம்: ‘தம்பி, இந்தச் சொல்லுக்கு முன்னால் யாருடையது என்று எழுதுவதில்லை. எழுதாவிட்டாலும், நீ அதை ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்.’